முதிய லொறிகளும் இளைய கைகளும்

பழம்பொருள் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவன ஏட்டுச் சுவடியும், செப்புத் திருமேனியும், பழங்காசும், குத்துவிளக்குமேயாம். எண்ணெயும் கரியும் படிந்த மோட்டார் லொறி ஒன்றையும் அவ்வரிசையில் வைக்கவேண்டும் என்றால் நகைப்பவரே பலர். ஆயினும் ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வைச் சுமந்து நின்ற பொருள்களே வரலாற்றுச் சின்னங்கள் என்று கொள்வோமாயின், யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரையில் லொறிக்கு அங்கே ஓர் இடம் உண்டென்பதை மறுத்தல் இயலாது.

மேனாட்டார் இதனை நெடுநாள் முன்னரே உணர்ந்துகொண்டனர். பழைய லொறிகளையும் பஸ் வண்டிகளையும் தேடியெடுத்துச் செப்பனிட்டுப் பேணும் அன்பர்கள் இங்கிலாந்தில் 1958ஆம் ஆண்டில் ஒரு கழகம் அமைத்தனர். இலண்டனிலிருந்து பிறைற்றன் கடற்கரை நகர்வரை முதிய லொறிகள் அணிவகுத்துச் செல்லும் ஓட்டம் 1962இல் தொடங்கியது. அமெரிக்காவில் இத்தகைய சங்கம் 1971இல் தோன்றியது. லேலண்ட் லொறிகளின் பிறப்பிடமாகிய லேலண்ட் நகரிலேயே 1983இல் ஒரு நூதனசாலை திறக்கப்பட்டது. அங்கெல்லாம் இது ஓய்வுநாட் பொழுதுபோக்கு. நம் குடாநாட்டிலோ இக்கலை ஓய்வினாற் பிறக்கவில்லை, இல்லாமையினாற் பிறந்தது. அக்கதையைச் சற்றே நோக்குவோம்.

தெருவழி ஓடிய செல்வம்

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் நம் வீதிகளில் ஓடியவை பெரும்பாலும் பிரித்தானிய வண்டிகளே. லூட்டன் நகரத்து வொக்ஸோல் நிறுவனம் 1931இல் தொடங்கிய பெட்போர்ட் லொறிகள் அவற்றுள் பெயர்பெற்றவை. 1939இல் வெளிவந்த அதன் ‘ஓ’ வரிசை லொறிகள் ஆறு உருளைகளும் மூன்றரை லீற்றர் கொள்ளளவும் உடைய பெற்றோல் இயந்திரம் பூண்டவை. 1950இல் வந்த ‘எஸ்’ வரிசையோ ஏழு தொன் பாரம் சுமக்க வல்லது. லேலண்டும் ஒஸ்ரினும் உடன் ஓடின. பின்னர் தாத்தா பென்ஸ் வந்து சேர்ந்தது. அந்நாளில் அடிச்சட்டமும் இயந்திரமுமே கப்பலில் வந்திறங்கும். சுமைப் பெட்டியை நம் தச்சர்களே நாட்டு மரங்களால் இழைத்துப் பொருத்துவர். ஆகவே அவ்வண்டி ஒவ்வொன்றிலும் பாதி இங்கிலாந்து; பாதி யாழ்ப்பாணம்.

சுன்னாகம் சந்தையின் வெங்காயமும், மிளகாயும், புகையிலையும், ஆனையிறவு உப்பும், 1950 முதல் 1990 வரை இயங்கிய காங்கேசன்துறைத் தொழிற்சாலையின் சீமெந்தும் தெற்கே சென்றது பெரும்பாலும் லொறிகளிலும் புகைவண்டியிலுமே. கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வழியிலே முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடையாமல் எந்தச் சாரதியும் அப்பாற் செல்வதில்லை. அத்தேங்காய் உடைத்தல் வழிபாடு மாத்திரமன்று. சூடேறிய இயந்திரத்துக்கும் சோர்ந்த சாரதிக்கும் அதுவே ஓய்வாகவும் அமைந்தது.

1970 முதல் 1977 வரை நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. புது வண்டியும் உதிரிப்பாகமும் அரிதாயின. அப்பொழுதே நம் கராஜ்காரர், ‘வாங்க முடியாததைச் செய்துகொள்’ என்னும் பாடத்தைக் கற்றனர். தேய்ந்த அச்சை உருக்கி ஒட்டி மறுபடி கடைந்தெடுத்தல், ஒரு வண்டியின் உறுப்பை இன்னொன்றுக்கு இசைவித்தல் ஆகியன கடைச்சல் பட்டறைகளின் அன்றாட வேலையாயின.

மண்ணெண்ணெய்க் காலம்

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது அப்பாடத்துக்குப் பரீட்சை வந்தது. பெற்றோல், டீசல், பற்றறி, உதிரிப்பாகம் யாவும் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டது. மின்சாரமும் இல்லை. இன்று நாற்பது வயதைக் கடந்து நிற்கும் எம்போன்றோரின் பள்ளிப்பருவம் அக்காலத்ததே. தெருவில் வெண்புகையும் மண்ணெண்ணெய் நெடியும் எழுந்தால் கார் ஒன்று வருகின்றதென்று, கண்ணாற் காணாமலே அறிந்துகொள்வோம்.

அன்று ஓடியவை புதிய வண்டிகளல்ல. ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் முதலிய கிழட்டு வண்டிகளே ஓடின. காரணம் யாது? விஞ்ஞானம் பயிலும் மாணவர் இதனைச் சற்றே ஊன்றி நோக்கவேண்டும். மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலின் சில துளி பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தை முதலில் இயக்கி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவர். அன்றியும் மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது. உரிய வேளைக்கு முன்னரே வெடித்து இயந்திரத்தை இடிக்கும். பழைய இயந்திரங்கள் அமுக்க விகிதம் குறைந்தவை; ஆதலின் பொறுத்துக்கொண்டன. புதிய இயந்திரங்கள் பொறுக்கவில்லை. டீசல் லொறிகளுக்கோ மண்ணெண்ணெயில் சிறிது வேறு எண்ணெய் கலக்கவேண்டியிருந்தது. எரிபொருட் பம்பியின் நுண்ணிய பாகங்களுக்கு டீசலே மசகாவது. மண்ணெண்ணெய்க்கு அத்துணை வழுவழுப்பில்லை.

இதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து இறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்குகளிற் கரி படியும். அடிக்கடி கழற்றித் துடைத்து, வளையம் மாற்றி, வால்வு அரைத்தாலன்றி வண்டி நகராது. நோயாளியை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்லும் வண்டி நடுத்தெருவில் நின்றுவிட்டால், அது பொழுதுபோக்காளர் ஒருவரின் ஏமாற்றமன்று. ஓர் உயிரின் முடிவு. அப்பொறுப்பைத் தோளிற் சுமந்து வேலை செய்த கைகளுக்கு எந்தக் கலாசாலையும் பட்டம் வழங்கவில்லை.

இன்றைய நிலை

2009இல் போர் முடிந்து, ஏ 9 வீதி திறந்து, வங்கிக் கடனில் புது வண்டிகள் வந்து குவிந்தன. பழைய கார்களுக்கு ஒருவாறு நல்லூழ் வாய்த்தது. திருமண ஊர்வலத்துக்கென்றும் வெளியூர் விருந்தினர் பார்வைக்கென்றும் சில பேணப்பட்டன. லொறிகளுக்கு அவ்வாழ்வும் இல்லை. மணமகன் லொறியில் ஏறுவதில்லையன்றோ! நிறுத்த இடம் அதிகம் வேண்டும். இரும்பின் நிறையும் அதிகம். ஆதலின் அவை பழைய இரும்பு வியாபாரியின் தராசையே அடைந்தன. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மீண்டும் அனுமதிக்கப்படும்வரை பழைய வண்டிக்கு ஒரு மதிப்பு மீண்டது. ஆயினும் அது விலையின் மதிப்பே, வரலாற்றின் மதிப்பன்று.

லொறி அழிந்தால் ஒரு பொருள் அழிந்தது. அதனைச் செப்பனிட அறிந்தவர் மறைந்தால் ஓர் அறிவே அழிகின்றது. அம்முதியவர்கள் தம் அறிவை ஏட்டில் எழுதிவைத்தவர்களல்லர். காதினாற் கேட்டு, விரலாற் தொட்டு அறிந்தவர்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொண்டால்தான் உண்டு.

கைக்கொள்ள வேண்டியவை

இப்பணியில் இறங்க விரும்பும் இளைஞருக்குச் சில குறிப்புக்கள் கூறுவோம்.

முதலில் எதனையும் கழற்றுமுன் படம் பிடித்துக் குறித்துவையுங்கள். இலக்கத் தகட்டை மாற்றாதீர்கள். ஆங்கில எழுத்துத் தாங்கிய பழைய தகடும், 1957இல் புகுத்தப்பட்டுப் பெருங் கிளர்ச்சிக்குக் காரணமான ‘ஸ்ரீ’ எழுத்துத் தகடும் நாட்டு வரலாற்றின் சான்றுகள். முதல் வேலை வர்ணம் பூசுவதன்று, பிறேக்கைச் சீர்செய்வதே. ஓடாத லொறியினால் எவர்க்கும் தீங்கில்லை. நில்லாத லொறியோ கூற்றுவனேயாம். பழைய பிறேக் பட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். அத்தூசு நுரையீரலுக்கு நஞ்சு. ஆதலின் ஊதாமல், ஈரத்துணியாற் துடைக்கவேண்டும். பழைய லொறிச் சில்லுகளில் டயரைப் பற்றி நிற்பது தனியானதோர் இரும்பு வளையம். அது செம்மையாகப் பொருந்தாத நிலையில் காற்றடித்தால் தெறித்து ஆளைக் கொல்லும். அனுபவசாலி அருகில்லாமல் அதனைத் தொடற்க.

நம் நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். கிணற்று நீரை றேடியேற்றரில் ஊற்றினால், கேத்தலிற் படியும் வெண்படிவம் அங்கும் படிந்து நீரோட்டத்தை அடைத்துவிடும். மாரியில் மழைநீரைப் பிடித்துவைத்து அதனையே ஊற்றுதல் நன்று. கடற்காற்றின் உப்பு அடிச்சட்டத்தை அரிக்கும்; ஆதலின் கழுவி உலர்த்தி எண்ணெய் பூசவேண்டும். நம் நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. ஈயத்தின் பாதுகாப்பை நம்பிச் செய்யப்பட்ட பழைய இயந்திரங்களின் வால்வு இருக்கைகள் விரைந்து தேயக்கூடும். கடின உலோக வளையம் பதிப்பதே பரிகாரம். பழைய பிரித்தானிய லொறிகளின் நட்டுக்கள் பல விற்வேர்த் அளவின. மில்லிமீற்றர் ஸ்பனரை மாட்டினால் நழுவி மூலை மழுங்கும். மாதம் ஒருமுறையேனும் இயந்திரத்தை நன்கு சூடேறும்வரை ஓடவிடுங்கள். இரண்டு நிமிடம் இயக்கி நிறுத்துதல் உள்ளே ஈரத்தைச் சேர்ப்பதாகுமேயன்றிப் பேணுதலாகாது.

‘வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லாத இடத்தில் கிழட்டு லொறிக்குப் பணம் செலவிடுவதா?’ என்று கேட்பார் உளர். நியாயமான கேள்வியே. அதன் புகையும் எரிபொருட் செலவும் நாம் அறியாதவை அல்ல. அவற்றை மீண்டும் தொழிலுக்கு விடுங்கள் என்றோ, வீட்டுக்கு ஒன்று வாங்குங்கள் என்றோ நாம் கூறவில்லை. ஊருக்கு ஒன்று போதும். ஒரு சனசமூக நிலையமோ, பழைய மாணவர் சங்கமோ, தொழினுட்பக் கல்லூரியோ ஒரு லொறியைப் பொறுப்பேற்றால், செலவு பலர்மேற் பகிர்ந்து செல்லும். கிளிநொச்சியில் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. அங்குப் பயிலும் பிள்ளைகள் புத்தகத்தில் வெப்ப இயக்கவியல் படிக்கின்றார்கள். மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய முதியவர் ஒருவரை அவர்கள் முன் அமர்த்தி, நடுவே பழைய பெட்போர்ட் இயந்திரம் ஒன்றையும் வைத்தால், இரு தலைமுறையும் ஒன்றற்கொன்று ஆசிரியராகும்.

எழுதக் கற்றவர்கள் அம்முதியவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிவைத்தல் அதனினும் எளிய பணி. அதற்குப் பணம் வேண்டியதில்லை. ஓர் அப்பியாசக் கொப்பியும் ஓய்வான ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். உங்கள் ஊர்க் கராஜில் தலைநரைத்த ஒருவர் இன்னும் இருப்பாராயின், வருகிற ஞாயிறே அவரிடம் செல்லுங்கள்.