ஆசிரியர் வளர்த்த ஆட்டம்: ஐதராபாத்தின் கால்பந்து மரபு

நுழையும்முன்

ஒரு நகரத்தின் பெருமை அதன் கோட்டைகளிலும் கோபுரங்களிலும் மட்டும் இருப்பதன்று. அதன் ஆடுகளங்களிலும் உண்டு. சார்மினாரும் கோல்கொண்டாவும் ஐதராபாத்தின் பெயரை உலகறியச் செய்தன. அதுபோலவே ஒரு காலத்தில் அந்நகரத்தின் கால்பந்து வீரர்களும் இந்தியாவின் பெயரை ஒலிம்பிக் அரங்கம்வரை கொண்டு சென்றனர். அந்த மரபு எவ்வாறு தோன்றியது, எவரால் வளர்ந்தது, ஏன் தளர்ந்தது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பல்கலைக்கழகமும் பந்தும்

விளையாட்டு மரபு ஒன்று நிலைபெற வேண்டுமாயின் அதனைத் தாங்கிப் பிடிக்க ஒரு நிறுவனம் வேண்டும். அமெரிக்காவில் அப்பணியைப் பல்கலைக்கழகங்கள் செய்தன. 1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், நியூ செர்சி மாநிலத்தில் ரட்கர்சு, பிரின்சுடன் என்னும் இரு கல்லூரிகளின் மாணவர்கள், பக்கத்திற்கு 25 பேராக நின்று பந்து விளையாடினர். ரட்கர்சு 6-4 என வென்றது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் வரலாறு அந்நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது.

அன்று ஆடப்பட்டது இன்றைய கால்பந்தை ஒத்திருந்தது. பின்னரே ரக்பி ஆட்டத்தின் விதிகள் கலந்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் 'அமெரிக்கக் கால்பந்து' உருவாயிற்று. 1905ஆம் ஆண்டில் ஆட்டத்தின் முரட்டுத்தன்மையால் மாணவர் பலர் உயிரிழக்கவே, குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்டு பல்கலைக்கழகத்தாரை அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டே விதிகள் திருத்தப்பட்டன. பந்தை முன்னோக்கி எறிந்து கொடுக்கும் முறை ஏற்கப்பட்டது. இன்று அங்கே ஒவ்வொரு பல்கலைக்கழக அணிக்கும் தனி நிறம், தனிச் சின்னம், இசைக்குழு, பழைய மாணவர் திரும்பி வந்து கூடும் விழா ஆகியவை உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அமர்ந்து ஆட்டம் காண்கின்றனர்.

ஐதராபாத்தில் இத்தகைய அரங்கமோ செல்வமோ இல்லை. ஆயினும் அங்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர்களிடமிருந்தே ஒரு பெருமரபின் வேர் கிளைத்தது.

பாசறையிலிருந்து கல்லூரிக்கு

ஐதராபாத்தை அடுத்துள்ள செகந்தராபாத், 1806ஆம் ஆண்டில் படைவீடாக உருப்பெற்ற நகரமாகும். ஆங்கிலேயப் படைவீரர்கள் மாலைப் பொழுதுகளில் உதைத்து விளையாடிய பந்தை உள்ளூர் இளைஞர் கண்டனர், கற்றனர். திருமலகிரி, பொலாரம், லாலாகுடா முதலிய பகுதிகளில் படைத்துறையிலும் தொடர்வண்டித் துறையிலும் பணியாற்றிய குடும்பங்கள் வாழ்ந்தன. அவற்றுள் சென்னை மாகாணத்திலிருந்து குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களும் பல. அவர்தம் பிள்ளைகளுக்குப் பந்து எளிதில் கிட்டிய இன்பமாக இருந்தது.

1918ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் உசுமானியாப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அங்குக் கல்லூரியில் பயில்வோரும் பயின்று முடித்தோரும் சேர்ந்து ஓர் அணியை அமைத்தனர். 'பதினொரு வேட்டையர்' என்னும் பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினர். அவ்வணியில் ஆடியவர்களுள் ஒருவரே சையது அப்துல் ரகீம் (1909-1963). இந்தியக் கால்பந்தின் தலைவிதியை மாற்றியவர் இவரே.

வகுப்பறையும் ஆடுகளமும்

ரகீம் தொழிலால் ஆசிரியர். காச்சிகுடா நடுநிலைப்பள்ளி முதலாகப் பல பள்ளிகளில் கற்பித்தார். உடற்கல்வியில் பட்டயம் பெற்று, விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார். 1943ஆம் ஆண்டில் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலர் ஆனார். ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்றுநர் பொறுப்பும் அவரிடம் வந்தது. வீரர்கள் அவரை மதிப்போடு 'ரகீம் சாகிப்' என்றே அழைத்தனர்.

நல்லாசிரியர் ஒருவர் மாணவரின் குறையை முதலில் அறிவார். பின் அக்குறை நீங்குவதற்கேற்ற பயிற்சியை வகுப்பார். ரகீம் ஆடுகளத்திலும் அதையே செய்தார். அக்கால வீரர் பலர் பந்தைத் தம் காலிலேயே வைத்துக்கொண்டு, எதிரிகளை ஏய்த்துச் செல்வதையே பெருந்திறமையாகக் கருதினர். இதனால் பந்து தேங்கியது. தோழர்கள் வெறுமனே நின்றனர். ரகீம் இதற்கு மருந்தாக, பந்தை உருட்டிக்கொண்டு ஓடக்கூடாது என்னும் விதியுடன் போட்டிகளை நடத்தினார். பந்து வந்தவுடன் அதனைத் தோழருக்கு அனுப்ப வேண்டும். அவ்வாறு அனுப்புவதற்கு, பந்து வருமுன்னரே தோழர் எங்கு நிற்கிறார் என்பதைக் கண் அறிந்திருக்க வேண்டும். கால் விரைவாவதற்கு முன் சிந்தனை விரைவாயிற்று.

வலக்காலால் மட்டுமே உதைத்துப் பழகியோர்க்கு இடக்காலால் மட்டும் ஆடும் போட்டிகளை அமைத்தார். இரு கால்களும் இயங்கும் வீரருக்கே ஆடுகளம் முழுவதும் திறந்திருக்கும் என்பது அவர் கண்ட உண்மை. இவை தோல்வி வெற்றிக்காக நடத்தப்பட்டவை அல்ல, பாடங்களாகவே நடத்தப்பட்டவை.

காவல்துறை அணியின் பொற்காலம்

இப்பயிற்சியின் பயன் விரைவிலேயே வெளிப்பட்டது. பம்பாயில் 1891 முதல் நடைபெற்றுவந்த ரோவர்ஸ் கோப்பையை ஐதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் வென்றது. 1888இல் சிம்லாவில் தொடங்கப்பெற்ற டியூராண்டு கோப்பையையும் 1950, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் கைப்பற்றியது. 1961இல் ஆந்திரப் பிரதேசக் காவல்துறை என்னும் பெயரில் மீண்டும் அக்கோப்பையைப் பெற்றது. மாநிலங்களுக்கிடையேயான சந்தோஷ் கோப்பையை ஐதராபாத் அணி 1956-57, 1957-58 ஆகிய இரு பருவங்களிலும் வென்றது. கல்கத்தாவே இந்தியக் கால்பந்தின் தலைநகர் என்று எண்ணப்பட்ட காலத்தில், தக்காணத்து நகரம் ஒன்று அதற்கு நிகராக எழுந்து நின்றது.

இவ்வெற்றிகளுக்குப் பின்னே மற்றுமொரு காரணமும் உண்டு. காவல்துறை வீரர்களுக்கு வேலை தந்தது. எளிய குடும்பத்து இளைஞர் ஒருவர் மாத ஊதியத்தால் வீட்டைக் காத்துக்கொண்டே ஆட்டத்திலும் கருத்துச் செலுத்த முடிந்தது. அமெரிக்காவில் பல்கலைக்கழகம் செய்த பணியை இங்குக் காவல்துறை செய்தது எனலாம்.

உலக அரங்கில்

1950ஆம் ஆண்டு முதல் ரகீம் இந்திய அணியின் பயிற்றுநராகவும் விளங்கினார். 1951இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியா ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்றது. ஆனால் அடுத்த ஆண்டே எல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோசுலாவியாவிடம் 1-10 எனப் படுதோல்வி அடைந்தது. இந்திய வீரர் பலர் அந்தக் குளிர்நாட்டிலும் வெறுங்காலுடன் ஆடினர். அத்தோல்விக்குப் பின்னரே காலணி அணிந்து ஆடுதல் கட்டாயமாக்கப்பட்டது.

தோல்வியைப் பாடமாகக் கொண்ட அணி, 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கின் காலிறுதியில் ஆசுதிரேலியாவை 4-2 என வென்றது. ஒலிம்பிக் கால்பந்தின் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு இந்தியாவே. பின்களத்தில் 4 பேர், நடுக்களத்தில் 2 பேர், முன்களத்தில் 4 பேர் என நிறுத்தும் முறையால் 1958இல் பிரேசில் உலகக்கோப்பையை வென்று புகழ்பெற்றது. அதற்கு முன்னரே ரகீம் அம்முறையைக் கையாண்டார் என்று இந்தியக் கால்பந்தின் வரலாற்றை எழுதுவோர் குறிப்பிடுவர்.

1962இல் சகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியே ரகீமின் வாழ்வில் சிகரம். அப்போது அவர் புற்றுநோயால் நலிந்திருந்தார். அணியோ முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றிருந்தது. இசுரேல், தைவான் நாடுகள் விலக்கப்பட்டதை இந்திய விளையாட்டு அலுவலர் ஒருவர் கண்டித்ததால், இந்தோனேசிய மக்கள் இந்திய அணிமீது சினம் கொண்டிருந்தனர். செப்டம்பர் 4ஆம் நாள் இறுதி ஆட்டத்தில், கூடியிருந்த பெருங்கூட்டம் எதிர்ப்பு முழக்கமிட, அதே தென்கொரியாவை இந்தியா 2-1 என வென்றது. பி.கே. பானர்சி ஒரு கோலும், தலையில் தையலுடன் ஆடிய சர்னைல் சிங் ஒரு கோலும் அடித்தனர். இந்திய ஆண்கள் அணி ஆசிய விளையாட்டில் பெற்ற கடைசித் தங்கம் அதுவே. 1963ஆம் ஆண்டு சூன் 11ஆம் நாள் ரகீம் மறைந்தார்.

செகந்தராபாத் தந்த இருவர்

அந்த இறுதி ஆட்டத்தில் இந்தியாவின் கோலைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராசு. 1935இல் ஐதராபாத்தில் பிறந்த இவர், செகந்தராபாத்தின் சிறு கழகங்களில் ஆடத் தொடங்கினார். படையில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராசு படைப்பிரிவு மையத்தின் அணியில் இடம்பெற்றார். தொடக்கத்தில் முன்கள வீரராக ஆடியவர், பின் கோல்கீப்பராக மாறினார். ஆறடிக்கும் மேற்பட்ட உயரம் அவருக்குத் துணைநின்றது. 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் அம்மையம் டியூராண்டு கோப்பையை வென்றது. 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்னும் சிறப்பும், 1967இல் அருச்சுனா விருதும் தங்கராசுக்குக் கிடைத்தன.

மற்றொருவர் துளசிதாசு பலராம். 1936இல் செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் எளிய குடும்பத்தில் பிறந்த இவரை இனங்கண்டு வளர்த்தவர் ரகீமே. 1960 உரோம் ஒலிம்பிக்கில் வலிமைமிக்க அங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் பலராம் கோல் அடித்தார். நோயின் காரணமாக இளமையிலேயே ஆட்டத்தைத் துறக்க நேர்ந்தபோதும், சுனி கோசுவாமி, பி.கே. பானர்சி ஆகியோருடன் இணைத்தே அவர் பெயர் இன்றும் பேசப்படுகிறது.

மரபு தளர்ந்தது ஏன்?

ரகீமுக்குப் பின்னும் ஐதராபாத் நல்ல வீரர்களைத் தந்தது. 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம் பெற்ற இந்திய அணியின் தலைவர் சையது நயீமுதீன் இந்நகரத்தவர். 1977இல் கல்கத்தாவில் பெலே ஆடிய நியூயார்க் காசுமாசு அணிக்கு எதிராக, மோகன் பகானுக்காகக் கோல் அடித்த முகமது அபீபும் இந்நகரத்தவரே. ஆனால் அவர்கள் புகழ்பெற்ற இடம் ஐதராபாத் அன்று, கல்கத்தா. பெரிய கழகங்களும் பெருங்கூட்டமும் அங்கிருந்தன. விளைந்த கதிர் வெளியூர் சென்றது, விதைநெல் மீதமில்லை.

கிரிக்கெட்டின் வளர்ச்சி இளைஞரின் கருத்தை ஈர்த்தது. நகரம் பெருகப் பெருகத் திறந்த வெளிகள் குறைந்தன. இவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. ஐதராபாத்தின் கால்பந்து அறிவு ஒரு மனிதரின் உள்ளத்தில் இருந்தது. பள்ளிகளின் பாடத்திட்டத்திலோ பல்கலைக்கழகத்தின் நிலையான அமைப்பிலோ அது பதியவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பயிற்றுநர் மாறினும் அணி நிற்கும், நிறம் நிற்கும், பழைய மாணவரின் நினைவு நிற்கும். இங்கு ஆசிரியர் மறைந்தபோது அவர் வகுத்த பாடமும் மெல்ல மறைந்தது.

2022இல் ஐதராபாத் கால்பந்துக் கழகம் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது. 2024இல் ரகீமின் வாழ்வைக் கூறும் 'மைதான்' என்னும் இந்தித் திரைப்படம் வெளிவந்தது. கோப்பையும் திரைப்படமும் நினைவைத் தூண்டலாம். ஆனால் மரபை மீட்கவல்லவை பள்ளி ஆடுகளங்களே. விலை மிகுந்த கருவிகள் ரகீமிடம் இருந்ததில்லை. ஒரு பந்து, சிறிது திறந்தவெளி, குறையறிந்து கற்பிக்கும் ஆசிரியர், இடக்காலையும் பழக்க முனையும் மாணவர் ஆகியவையே அவர் முதலீடு. அவை இன்றும் எட்டாத பொருள்கள் அல்ல.

சொல்லும் பொருளும்

மரபு - வழிவழியாக வரும் முறை
படைவீடு, பாசறை - படைகள் தங்கும் இடம்
பட்டயம் - குறுகிய காலப் படிப்பிற்கான சான்று
நலிதல் - மெலிதல், துன்புறுதல்
விதைநெல் - அடுத்த விளைச்சலுக்காகச் சேமிக்கும் நெல்

சிந்தித்து விடை எழுதுக

1. பந்தை உருட்டிக்கொண்டு ஓடக்கூடாது என்னும் விதியால் வீரர் பெற்ற பயன் யாது?
2. 'அமெரிக்காவில் பல்கலைக்கழகம் செய்த பணியை இங்குக் காவல்துறை செய்தது' - விளக்குக.
3. 'விளைந்த கதிர் வெளியூர் சென்றது. விதைநெல் மீதமில்லை' என்னும் தொடர் உணர்த்தும் கருத்து யாது?
4. உங்கள் பள்ளியில் தொடர்ந்துவரும் விளையாட்டு மரபு ஒன்றைப் பற்றி மூத்த ஆசிரியரிடம் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.