கடற்காற்றில் மிதக்கும் துகள்கள் எங்கிருந்து வருகின்றன?

மாணவர்களே, பெக்கான் நானாஸிலிருந்து மேற்கே சென்றால் பொந்தியான் கடற்கரை. அதற்கு அப்பால் மலாக்கா நீரிணை. கடற்காற்று தூய்மையானது என்பது பலரின் எண்ணம். ஆனால், அந்தக் காற்றில் கண்ணுக்குத் தெரியாத திடத் துகள்களும் திரவத் துளிகளும் எந்நேரமும் மிதந்துகொண்டிருக்கின்றன. இவற்றை ஏரோசோல் துகள்கள் என்பார்கள்.

இவற்றுள் 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ளவை நுண்துகள்கள். மனிதத் தலைமுடியின் தடிமனில் இவை ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். அதனால் இவை மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம்வரை சென்றுவிடும். இவற்றைக் குறைக்க வேண்டுமானால், இவை எங்கிருந்து வந்தன என்பது முதலில் தெரிய வேண்டும். அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

காற்றை ஒரு வடிதாளின் வழியே பல மணி நேரம் உறிஞ்சுவார்கள். தாளில் படிந்த துகள்களை ஆய்வுக்கூடத்தில் பகுத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு மூலமும் தன் அடையாளத்தைத் துகளில் விட்டுச் செல்கிறது.

முதல் மூலம் கடலேதான். அலை உடையும்போது நீருக்குள் காற்றுக் குமிழ்கள் உருவாகின்றன. அவை மேலே வந்து வெடிக்கும்போது நுண்ணிய உப்புநீர்த் துளிகள் காற்றில் தெறிக்கின்றன. இவற்றின் அடையாளம் சோடியமும் குளோரைடும். உப்புத் துகள்களின் எடையில் பெரும்பகுதி சற்றுப் பருத்த துகள்களாகவே இருக்கும்.

இரண்டாவது மூலம் கடல்வாழ் நுண்பாசிகள். இவற்றால் உண்டாகும் டைமெத்தில் சல்பைடு என்னும் கந்தக வாயு காற்றில் கலந்து, வேதிமாற்றம் அடைந்து, சல்பேட் துகளாகிறது. அதோடு மீத்தேன்சல்போனிக் அமிலமும் உருவாகிறது. இந்த அமிலம் தென்பட்டால் கடல் உயிரினங்களின் பங்கு உண்டு என்று அறியலாம்.

மூன்றாவது மூலம் கப்பல்கள். உலகின் மிக நெரிசலான கடல்வழிகளுள் மலாக்கா நீரிணையும் ஒன்று. கப்பல்கள் எரிக்கும் கனமான எண்ணெயில் கந்தகத்தோடு வனேடியம், நிக்கல் ஆகிய உலோகங்களும் உண்டு. இவ்விரண்டும் சேர்ந்து கூடுதலாகத் தென்பட்டால் கப்பல் புகை என்ற ஐயம் எழும்.

சல்பேட் கடலிலிருந்தும் வரலாம், புகையிலிருந்தும் வரலாம். எப்படிப் பிரிப்பது? ஒரு சிறு கணக்குப் போதும். ஒரு கிலோகிராம் கடல்நீரில் சுமார் 10.8 கிராம் சோடியமும் 2.7 கிராம் சல்பேட்டும் உள்ளன. அதாவது, சல்பேட் சோடியத்தில் கால் பங்கு. ஒரு வடிதாளில் 4 மைக்ரோகிராம் சோடியமும் 5 மைக்ரோகிராம் சல்பேட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடல் உப்பு கொண்டுவந்த சல்பேட் 1 மைக்ரோகிராம் மட்டுமே. மீதி 4 மைக்ரோகிராம் நுண்பாசிகளிலிருந்தோ எரிபொருள் புகையிலிருந்தோ வந்திருக்க வேண்டும்.

நான்காவது மூலம் நமக்கு மிக நெருக்கமானது. பெக்கான் நானாஸுக்குப் பெயர் தந்த அன்னாசி, பொந்தியான் வட்டாரத்தின் காம்புட் மண்ணில் நன்கு வளர்கிறது. முழுதும் மக்காத தாவரங்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த சதுப்பு மண் இது. நீரை வடித்துவிட்டால் காய்ந்து எரிபொருள் போலாகிவிடும். தீப்பற்றினால் மண்ணுக்கு அடியிலேயே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். முழுமையாக எரியாததால் கரிமச் சேர்மங்கள் நிறைந்த நுண்துகள்கள் ஏராளமாக வெளிவருகின்றன. தாவரங்களிலுள்ள செல்லுலோஸ் எரியும்போது லெவோகுளுக்கோசன் என்னும் சர்க்கரைச் சேர்மம் உண்டாகிறது. இதுவே தாவரப் புகையின் அடையாளம்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ராவில் காம்புட் நிலம் எரிந்தால், புகை நீரிணையைக் கடந்து ஜொகூருக்கு வந்துவிடும். 2013 ஜூன் 23 அன்று மூவாரில் காற்று மாசுக் குறியீடு 746-ஐ எட்டியது. 300-ஐத் தாண்டினாலே அது அபாய நிலை. அன்று மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

புகை கரையோரக் கடலோடு நின்றுவிடுவதும் இல்லை. 1999-இல் இந்தியப் பெருங்கடலில் இண்டோயெக்ஸ் என்ற பெரும் ஆய்வு நடந்தது. தமிழகத்தில் பிறந்த வீரபத்ரன் ராமநாதனும் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் அதற்குத் தலைமை தாங்கினர். நிலத்திலிருந்து வெகு தொலைவில், நடுக்கடலின் மேலும் பழுப்பு நிறப் புகைப்படலம் பரவியிருந்ததை அந்த ஆய்வு காட்டியது. அதில் பெரும்பங்கு மனிதர் எரித்தவற்றிலிருந்து வந்தது.

மூலம் தெரிந்தால் தீர்வும் தெளிவாகும். கடல் உப்பை நாம் தடுக்க முடியாது. தடுக்கத் தேவையும் இல்லை. கப்பல் புகைக்கு வழி பிறந்துவிட்டது. அனைத்துலகக் கடல்சார் அமைப்பு, எரிபொருளில் அனுமதிக்கப்படும் கந்தகத்தின் அளவை 2020 ஜனவரி 1 முதல் 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைத்தது. காம்புட் நிலத்திற்கான வழி இன்னும் எளிமையானது: கால்வாய்களில் நீர்மட்டத்தை உயர்த்தி மண்ணை ஈரமாக வைத்திருப்பது, குப்பையையும் பழைய செடிகளையும் திறந்தவெளியில் எரிக்காமல் இருப்பது. நீர் ஊறிய காம்புட்டில் தீ எளிதில் பரவாது.

அடுத்த முறை வானம் மங்கலாகத் தெரிந்தால், சுற்றுச்சூழல் துறை வெளியிடும் குறியீட்டைப் பாருங்கள். 100-ஐத் தாண்டியிருந்தால் திடல் விளையாட்டைத் தள்ளிவையுங்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்பதையும் குறித்துவையுங்கள். துகள்களின் மூலத்தைத் தேடும் ஆய்வாளர்களும் காற்றின் திசையைத் தவறாமல் பார்க்கிறார்கள்.