எலுமிச்சை இலை மஞ்சளானால்...

மும்பைத் தமிழரில் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்கள் ஏராளம். தாராவியில் ஒற்றை அறையில் இருந்தாலும், செம்பூரில் மாடிவீட்டில் இருந்தாலும், ஊரில் விட்டுவந்த நாலு மரத்தின்மேல் நமக்கு ஒரு கண் உண்டு. "உரம் வாங்கணும், பணம் அனுப்பு" என்று ஊரிலிருந்து கேட்டால் மறுக்க மனம் வராது. அந்தப் பணம் மரத்துக்குப் போய்ச் சேருகிறதா என்பதே கேள்வி.

2025-ல் புவிசார் குறியீடு பெற்ற எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடிப் பக்கம் என் மாமாவுக்கு எலுமிச்சைத் தோட்டம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் மரங்கள் மஞ்சளடித்தன, காயும் சிறுத்தது. மாமா யூரியாவைக் கூட்டிக்கொண்டே போனார். பலன் இல்லை. மரங்களை வெட்டிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது.

விடுமுறையில் போயிருந்தபோது தோட்டக்கலை அலுவலர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். அவர் இலைகளைத்தான் முதலில் பார்த்தார். தழைச்சத்துக் குறைந்தால் முதிர்ந்த இலை முழுவதும் மஞ்சளாகும். இங்கோ முதிர்ந்த இலை பச்சை. இளந்துளிர்தான் சிறுத்து, நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தது. இது துத்தநாகக் குறை என்றார். மண்ணைப் பரிசோதித்ததில் சுண்ணாம்பு மிகுதி என்று தெரிந்தது. அத்தகைய மண்ணில் துத்தநாகம் இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. யூரியா எப்படி உதவும்?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இது: ஆறாம் ஆண்டு முதல் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்குத் தொழு உரம் 30 கிலோ, தழைச்சத்து 600 கிராம், மணிச்சத்து 200 கிராம், சாம்பல்சத்து 300 கிராம். கடைக் கணக்கில் யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 1.25 கிலோ, பொட்டாஷ் அரை கிலோ. யூரியாவை மார்ச், அக்டோபர் என இரண்டாகப் பிரித்து இடவேண்டும், மற்றவை அக்டோபரில். துத்தநாக சல்பேட்டை 100 லிட்டர் நீருக்கு 500 கிராம் கலந்து மார்ச், ஜூலை, அக்டோபரில் இலைமேல் தெளிக்கவேண்டும்.

உரத்தை மரத்தின் மூட்டில் கொட்டுவதும் வீண். சத்தை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் கிளைகளின் நிழல் விழும் பரப்பில், மேல்மண்ணிலேயே பரவியிருக்கும். அங்கே தூவி லேசாகக் கொத்தி நீர் பாய்ச்சவேண்டும். ஆழக் கொத்தினால் வேர் அறுந்துவிடும்.

இப்படிச் செய்த மறு ஆண்டே துளிர் பச்சையாக வந்தது. வெட்டும் பேச்சை மாமா விட்டுவிட்டார்.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை உரத்துக்குப் பணம் கேட்டால் அனுப்புங்கள். கூடவே இரண்டு கேள்விகளும் கேளுங்கள்: மண்ணைப் பரிசோதித்தாயிற்றா? மஞ்சளாவது முதிர்ந்த இலையா, துளிரா?