கடனும் நாணயமும்

நாணயம் என்னுஞ் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. கையிலே புழங்குங் காசும் நாணயம்; சொன்ன சொல் தவறாமையும் நாணயம். கடன் என்னுஞ் சொல்லும் அத்தகையதே; பிறரிடம் பெற்ற பொருளையும் அது குறிக்கும், ஒருவன் ஆற்றவேண்டிய கடமையையும் அது குறிக்கும். பொருளையும் ஒழுக்கத்தையும் ஒரு சொல்லுள் அடக்கிய இவ்வழக்கு, இன்று முதன்முறையாக வங்கியின் படியேறும் இளைஞர்க்கும் பொருந்துவதாகும். அண்மையிற் கல்லூரியை விட்டு நீங்கித் தொழிலில் அமர்ந்த பழைய மாணவர்களை மனத்திற்கொண்டே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

முற்காலத்தில் ஒருவருடைய நாணயத்தை ஊரே அறிந்திருந்தது. 1911 ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கக் கட்டளைச் சட்டத்தின்கீழ் இலங்கையிலே தோன்றிய கடனுதவு சங்கங்களை, நாணய சங்கங்கள் என்றும் மக்கள் வழங்கினர். அங்கே கடன் கேட்பவரின் காணி எது, கைத்தொழில் எது, சென்ற போகத்துக் கடனை அவர் எப்போது தீர்த்தார் என்பனவெல்லாம் அங்கத்தவர் யாவர்க்குந் தெரியும். இன்றோ கொழும்பிலுள்ள வங்கி அதிகாரிக்குக் கோண்டாவிலில் வாழ்பவரைத் தெரியாது. அவர் பார்ப்பது முகத்தையன்று, ஏட்டையேயாம்.

அவ்வேட்டைப் பேணும் நிலையமே இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தினால் அது நிறுவப்பட்டது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து மக்கள் அதனைக் ‘கிறிப்’ என்பர். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தாம் கொடுத்த கடன்களின் விவரங்களை அங்கே அனுப்புகின்றன. கடன் தொகை எவ்வளவு, நிலுவை எவ்வளவு, தவணை எத்துணை நாள் பிந்தியது, வேறெவர்க்கு நீர் பிணை நின்றீர், பணமின்மையால் உமது காசோலை திரும்பியதுண்டா என்பன அவ்வறிக்கையிற் காணப்படும். வங்கியில் நீர் வைத்திருக்கும் சேமிப்பு எவ்வளவு என்பது அதிற் காணப்படாது. ஆதலின், கையிற் பணமிருந்தும் தவணையைப் பிந்திச் செலுத்துபவர் அவ்வேட்டில் குறைந்தவராகவும், சிறு வருவாயே உடையவராயினும் நாள் தவறாதவர் உயர்ந்தவராகவும் தோன்றுவர்.

‘கிறிப்பிலே பெயர் விழுந்துவிட்டது’ என்று பலர் அஞ்சக் கேட்டிருக்கிறோம். இது தவறான எண்ணம். அது குற்றவாளிகளின் பட்டியலன்று. வங்கியிற் கடன் பெற்றவர் யாவரும் அதில் உளர். செவ்வனே செலுத்தியவரின் நற்பெயரும் அங்கேதான் பதிவாகின்றது. பணியகம் எவர்க்கும் கடன் கொடுப்பதுமில்லை, மறுப்பதுமில்லை. தீர்மானிப்பது வங்கியே.

இவ்விவரங்களையெல்லாம் கணித்து ஒரேயோர் எண்ணாற் சொல்வதே கடன் புள்ளி எனப்படும். இம்முறைகளுட் பெயர்பெற்றது 1989 இல் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்த ‘பைக்கோ’ புள்ளி. அது 300 தொடக்கம் 850 வரை செல்வது. அதனுள் நூற்றுக்கு 35 பங்கு தவணை தவறாமைக்கும், 30 பங்கு நிலுவையின் அளவுக்கும், 15 பங்கு கடன் வரலாற்றின் நீளத்துக்கும், புதுக்கடன் நாடுதலுக்கும் கடன்களின் வகைக்கும் பப்பத்துப் பங்கும் உரியன. நாட்டுக்கு நாடு கணிக்கும் முறை வேறுபடினும், தவணை நாளைக் காத்தலே தலையாயது என்பதில் வேறுபாடில்லை.

புதிதாகக் கடன் பெறுவார்க்குள்ள இடர் யாதெனின், ஏட்டில் அவர் பெயரே இல்லாமையாகும். ஊரிலே சீட்டுக் கட்டி ஒரு மாதமும் தவறாதவராயிருக்கலாம். தனியாரிடம் வாங்கிய கைம்மாற்றை நாளுக்கு முன்னரே கொடுத்தவராயிருக்கலாம். அவையெல்லாம் நற்பண்புகளே, ஆயினும் பணியகத்தின் ஏட்டில் அவை ஏறுவதில்லை. எனவே, தாங்கக்கூடிய ஒரு சிறு கடனோடு தொடங்குதல் நன்று. தேவையான ஒரு பொருளுக்காகப் பெற்ற சிறு வங்கிக்கடன், அல்லது எல்லை குறைந்த ஒரு கடனட்டை போதும். நாணயத்தைக் காட்டுதற்கென்றே வேண்டாத கடனை வாங்குதல் மடமையாகும்.

தவணைத் திகதியைச் சம்பள நாளுக்கு அடுத்ததாக அமைத்துக்கொள்க. சேமிப்புக் கணக்கிலிருந்து தவணை தானே கழியுமாறு வங்கிக்கு எழுத்திற் கட்டளை கொடுத்துவிடின் மறதிக்கு இடமில்லை. ஆயினும் அன்று கணக்கிற் பணமிருத்தல் வேண்டும்.

கடனட்டை பற்றித் தனியே ஒன்று சொல்லவேண்டும். அட்டையின் எல்லை ஓர் இலட்சம் ரூபா எனின், அஃது உமது வருவாயன்று. அதன் பெரும்பகுதியை மாதந்தோறுஞ் செலவிடுபவரைக் கடன் கொடுப்போர் நெருக்கடியில் உள்ளவராகவே கருதுவர். மூன்றிலொரு பங்குக்குள் நின்று, மாத முடிவில் முழுவதையுஞ் செலுத்துதல் சாலச் சிறந்தது. ஆகக் குறைந்த தொகையை மட்டுஞ் செலுத்தின் தவணை தவறியதாகாது, கடனோ குறையாது. ஆண்டு வட்டி நூற்றுக்கு 24 என்றும், நிலுவை 1,00,000 ரூபா என்றுங் கொள்வோம். மாத வட்டியே 2,000 ரூபா. நீர் 5,000 ரூபா செலுத்தினும் முதலிற் குறைவது 3,000 ரூபாவே.

இனி, நம் ஆசிரியர் கூட்டமும் அரசாங்க ஊழியரும் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது பிணை நிற்றலாகும். வங்கிக்கடனுக்கு நிலையான சம்பளமுடைய இருவரின் கையொப்பங் கேட்பது இந்நாட்டு வழக்கம். ஒரே விடுதியில் உண்டு உறங்கிய தோழன் படிவத்தை நீட்டும்போது மறுத்தல் எளிதன்று. ஆயினும் அக்கையொப்பம் நட்புக்குச் செய்யும் உபசாரமன்று. சட்டத்தின் கண்ணில் அது கடனேயாம். பத்து இலட்சம் ரூபா பெற்ற நண்பர் கடல் கடந்து சென்று தவணையை நிறுத்திவிட்டால், வங்கி பிணையாளியையே நாடிவரும். சில ஆண்டுகளின் பின் அவர் தமக்கொரு வீடு கட்டக் கடன் கேட்கும்போது, தாம் ஒரு சதமேனும் தொடாத அக்கடன் குறுக்கே நிற்கும். மகளின் கலியாணத்துக்கு முன் வீட்டை முடிக்க எண்ணியிருந்தவர் அரைச்சுவரோடு நிறுத்த நேரிடும். ஆதலின், முழுத்தொகையையும் தாமே கட்ட நேரினும் தாங்கலாம் என்னுந் துணிவு உள்ளவிடத்தே ஒப்பமிடுக; ஒப்பமிட்டபின் தவணை ஒழுங்காகச் செல்கின்றதா என விசாரிக்கவும் நாணற்க.

தம் அறிக்கையை எவரும் கட்டணஞ் செலுத்திப் பெற்றுப் பார்க்கலாம். பெரிய கடனொன்றை நாடுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே அதனைப் பார்த்தல் நன்று. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியா, தீர்த்த கடன் தீர்ந்ததாகவே உளதா என நோக்குக. பிழை காணின், விவரத்தை அனுப்பிய வங்கிக்கு எழுதுக, பணியகத்துக்கும் அறிவிக்குக. கடன் தீர்ந்தவுடன் வங்கியிடமிருந்து தீர்வுக் கடிதம் பெற்று வைத்திருப்பவர்க்கு இவ்வேலை எளிதாகும்.

வெளிநாடு சென்ற நம் பழைய மாணவர்க்கும் ஒரு சொல். இங்கே ஈட்டிய நற்பெயர் அங்கே உடன் வருவதில்லை. கனடாவில் ‘ஈக்குவிபக்ஸ்’, ‘டிரான்ஸ்யூனியன்’ என்னும் நிறுவனங்கள் 300 தொடக்கம் 900 வரை புள்ளியிடுகின்றன. புதிதாகச் சென்றவர்க்கு ஏடு வெறுமையாகவே தொடங்கும். முன்பணங் கட்டிப் பெறும் கடனட்டையே அங்கே பலர்க்கும் முதற்படியாகும்.

நல்லவர்க்கும் இடர் வருதல் உண்டு. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே கடன் வட்டி வீதங்கள் நூற்றுக்கு 20 இற்கு மேற்சென்றமையை எவரும் மறந்திரார். அத்தகைய காலத்தில் ஒளிந்துகொள்ளுதலே பெருந்தீங்கு. தவணை தவறு முன்னரே வங்கிக்குச் சென்று, காலத்தை நீட்டியோ தொகையைக் குறைத்தோ மீளவகுத்துத் தருமாறு கேட்டல் வேண்டும். பழைய கடனைத் தீர்க்கப் புதுக்கடனைத் தேடி வங்கிக்கு வங்கி அலைதலாகாது; அவ்வலைச்சலும் ஏட்டிற் பதிவாகும்.

முன்பு ஊரார் நாவில் இருந்த நாணயம் இன்று எழுத்தில் ஏறியுள்ளது. ஊரார் மறந்தும் மன்னித்தும் விடுவர். ஏடு எளிதில் மறவாது. ஆயினும் ஏடு ஒன்றில் நடுநிலையுடையது: சாதியையும் குலத்தையும் அது கேளாது, நாளைத் தவறவிட்டீரா, காத்தீரா என்பதொன்றையே கேட்கும். எளிய குடியிற் பிறந்து கல்வியொன்றையே முதலாகக் கொண்டு வெளிச்சென்ற நம் மாணவர்க்கு இதனினும் நல்ல வாய்ப்பு வேறில்லை. மாதத்துக்கு ஒருநாள் தவறாமற் செலுத்துந் தவணையே அவர்தம் இரண்டாவது முதலாகுக.