பெண் மீன் ஆணாகுமா? மீன்தொட்டிக்குள் எழுந்த ஒரு வழக்கு

மொன்றியல் பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதியில் எமக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பத்தின் வரவேற்பறையில் சிறிய மீன்தொட்டி ஒன்று உண்டு. பனிக்காலத்தில் வெளியே ஓடியாட வழியின்றிச் சலித்துப்போகும் பிள்ளைகளுக்காக வாங்கி வைத்தது. அதிலே வாள்வால் மீன்கள் இரண்டு. இரண்டும் பெண் என்று சொல்லியே கடைக்காரர் கொடுத்திருந்தார். ஐந்தாறு மாதங்கள் கழிந்தபின் அவற்றுள் ஒன்றின் வாலின் கீழ்ப்புறத்தில் மெல்லிய வாள் ஒன்று நீளத் தொடங்கிற்று. வாள் ஆண் மீனுக்கே உரியது. பெண் ஆணாகிவிட்டது என்று பிள்ளைகள் துள்ளிக் குதித்தனர்.

பெரியவர்கள் துள்ளவில்லை. அகதிக் கோரிக்கை விசாரணைக்கு நாள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் வீடு அது. தபாற்பெட்டி திறக்கும் ஓசைக்கே நெஞ்சு படபடக்கும் நிலை. வடமராட்சியிலிருந்து வந்த அம்மம்மா எம்மைத் தனியே அழைத்து, "தம்பி, விசாரணை வரப்போற நேரத்திலை இப்பிடி ஒண்டு வீட்டுக்குள்ளை நடக்கிறது நல்லதில்லை. கொண்டுபோய் ஆத்திலை விடச் சொல்லு" என்றார். தந்தையாரோ, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் எனக் கோபங்கொண்டிருந்தார். மலசலகூடத்தில் ஊற்றிவிட்டால் என்ன என்று இன்னொரு குரலும் எழுந்தது. பத்திரிகையில் எழுதுபவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பது எம்மவரிடையே உள்ள பழைய மூடநம்பிக்கைகளுள் ஒன்று. ஆகவே வழக்கின் தீர்ப்பு எம்மிடம் வந்து சேர்ந்தது.

நாம் மீனியல் கற்றவர்கள் அல்லர். ஆயினும் தேடி வாசித்தபோது வியப்படைந்தோம். மீன்களுட் சில உண்மையிலேயே பால் மாறுகின்றன. இது அபூர்வமான ஊனமன்று. அவற்றின் வாழ்வு முறையே அதுதான்.

பிள்ளைகள் அனைவருக்கும் பரிச்சயமான கோமாளி மீனை எடுத்துக்கொள்வோம். செம்மஞ்சள் உடலில் வெண்பட்டைகள் கொண்ட இம்மீனை 2003-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' என்ற கார்ட்டூன் படம் உலகெங்கும் அறிமுகப்படுத்தியது. அப்படத்தில் தாயை இழந்த குஞ்சைத் தகப்பன் மீன் வளர்க்கிறது. இயற்கையில் கதை வேறு. கோமாளி மீன்கள் கடலனிமனி என்னும் உயிரினத்தின் கொட்டும் கரங்களுக்கிடையே சிறு கூட்டமாக வாழ்கின்றன. கூட்டத்தில் ஆகப் பெரியது பெண். அடுத்தது ஆண். ஏனையவை எப்பாலாகவும் முதிராதவை. பெண் இறந்துவிட்டால் ஆண் மீன் மெல்ல மெல்லப் பெண்ணாக மாறும். அடுத்த நிலையில் இருந்தது ஆணாக முதிர்ந்து அதற்குத் துணையாகும். எனவே நீமோவின் தந்தை இயற்கை விதிப்படி நடந்திருந்தால் தாயாகியிருக்க வேண்டும். படம் எடுத்தவர்கள் இதைத் தவிர்த்தமைக்குக் காரணம் கூறத் தேவையில்லை.

நிலாவெளிக் கடலில் புறாத்தீவைச் சூழ்ந்த பவளப் பாறைகளில் கோமாளி மீன்களைக் கண்டவர்கள் எம்முள்ளும் இருப்பர். மண்டபம் என்ற பெயரைக் கேட்டதும் எம்மிற் பலருக்கு அகதி முகாமும், பதிவு வரிசையுமே கண்முன் வரும். அதே ஊரில் இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் பிராந்திய நிலையம் ஒன்றும் உண்டு. தொட்டிகளில் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்யும் பணி அங்கே நடைபெற்றது. இம்மீனில் ஆணையும் பெண்ணையும் தேடிச் சோடி சேர்க்க வேண்டியதில்லை. முதிராத சில மீன்களை ஒன்றாக விட்டால் போதும். எது பெண், எது ஆண் என்பதை அவையே தமக்குள் தீர்த்துக்கொள்ளும்.

எதிர்த் திசையில் மாறுவனவும் உண்டு. பெரிய மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் துப்புரவு செய்யும் ஒரு சிறு மீனை அவுஸ்திரேலியப் பவளப் பாறைகளில் ஆராய்ந்த ரொபேட்சன் என்பவர், 1972-ஆம் ஆண்டு தமது அவதானிப்பை வெளியிட்டார். ஓர் ஆணும் பல பெண்களுமாக வாழும் அக்கூட்டத்திலிருந்து ஆண் நீங்கினால், பெண்களுள் மூத்தது சில மணி நேரத்துக்குள்ளேயே ஆணைப்போல் எல்லை காக்கத் தொடங்கிவிடுகிறது. இரண்டு வாரங்களுக்குச் சற்றுப் பின் அதன் உடலில் விந்தும் உருவாகிவிடுகிறது. உடல் மாறுமுன் நடத்தை மாறிவிடுகிறது என்பதே இங்கு எம்மைச் சிந்திக்க வைத்தது.

ஏன் இப்படி? விஞ்ஞானிகள் தரும் விளக்கம் எளிமையானது. உடல் பெருத்தால் அதிக முட்டை இடலாம் என்ற நிலையிலுள்ள மீனுக்கு, சிறிதாக இருக்கையில் ஆணாகவும் வளர்ந்தபின் பெண்ணாகவும் இருப்பது இலாபம். பலசாலியான ஓர் ஆணே பல பெண்களைக் காத்துக்கொள்ளும் இனத்தில், முதலிற் பெண்ணாயிருந்து பிறகு ஆணாவது இலாபம்.

இதை அம்மம்மாவுக்குச் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஆகவே அவர் கையால் ஆய்ந்த மீன்களையே சாட்சிக்கு அழைத்தோம். கொடுவா மீன் ஆணாகத் தொடங்கிச் சில ஆண்டுகளின் பின் பெண்ணாகிறது. களவாய் பெண்ணாகத் தொடங்கி, பெருத்தபின் ஆணாகிறது. பெரிய களவாய்களையே குறிவைத்துப் பிடித்தால் அக்கடலில் ஆண்கள் அருகிப்போகும் என்று மீன்வள அறிஞர்கள் எச்சரிப்பதும் இதனால்தான். "கொடுவாவுமோ?" என்று கேட்டுச் சிறிது நேரம் மௌனமாக இருந்தார் அம்மம்மா.

கியூபெக்கிலேயே இதற்குப் பெயர்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. மற்றான் றால் என்று இங்குள்ளோர் பெருமையோடு உண்ணும் சிறிய இளஞ்சிவப்பு றால், சென்ற் லோறன்ஸ் வளைகுடாவின் குளிர்ந்த ஆழத்தில் வாழ்வது. அது முதலில் ஆணாக முதிர்ந்து, நான்கு ஐந்து வயதளவில் பெண்ணாக மாறுகிறது. தட்டில் வரும் பெரிய றால்களிற் பெரும்பாலானவை ஒருகாலத்தில் ஆணாக இருந்தவையே. ஆழ்நீர் வெப்பமடைந்ததாலும் செம்மீன்கள் பெருகி அவற்றை உண்டதாலும் இந்த றால் வெகுவாகக் குறைந்துபோக, 2024-ஆம் ஆண்டு பிடிக்கக்கூடிய அளவைக் கனடிய அரசு கடுமையாகக் குறைத்தது.

இனி எமது வாள்வால் மீனுக்கு வருவோம். வாள்வால், கப்பி போன்ற நன்னீர் மீன்கள் பால் மாறுவதாக மீன் வளர்ப்போரிடையே நெடுங்காலமாகப் பேச்சு உண்டு. ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. வாள்வால் மீன்களுள் மிகத் தாமதமாக முதிரும் ஆண்கள் உள்ளன. முதிரும்வரை அவை பெண்ணைப்போலவே காட்சியளிக்கும். கடைக்காரரையும் ஏமாற்றியது மீனே. முதிய பெண் மீன்கள் சில, ஹோர்மோன் மாற்றத்தால் ஆணின் தோற்றத்தைப் பெறுவதும் உண்டு. ஆனால் அவை உண்மையான தகப்பனாவதில்லை. ஆணே இல்லாத தொட்டியிற் குஞ்சுகள் தோன்றினாலும் அதிசயமில்லை. இப்பெண் மீன்கள் ஒருமுறை பெற்ற விந்தைப் பல மாதங்கள் உடலிற் சேமித்து வைத்துக் குஞ்சு ஈனக்கூடியவை.

இவ்வளவில் வழக்கு முடிந்திருக்கும். ஆனால் ஆற்றில் விடுவது, மலசலகூடத்தில் ஊற்றுவது என்ற பேச்சு எம்மை வேறோர் இடத்துக்கு இட்டுச் சென்றது.

மொன்றியல் தீவின் கழிவுநீர் முழுவதும் தீவின் கிழக்குக் கோடியிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்தைக் கடந்து சென்ற் லோறன்ஸ் நதியிற் சேர்கிறது. திண்மக் கழிவுகளைப் பிரித்தெடுக்கும் அந்த முறை, நீரிற் கரைந்த மருந்துகளையும் ஹோர்மோன்களையும் முற்றாக நீக்க வல்லதன்று. நதியில் வாழும் ஒரு சிறு கெண்டையினத்தை டானியேல் சீர் முதலிய கியூபெக் ஆய்வாளர்கள் பரிசோதித்து 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு அதிர்ச்சி தருவது. பிடிபட்ட ஆண் மீன்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவற்றின் விதைகளுக்குள் முட்டைக் கலங்கள் காணப்பட்டன. அவற்றின் விந்தும் நலிந்திருந்தது. இது கோமாளி மீனின் பால் மாற்றம் அன்று. அது மாறினால் முழுமையாக மாறிக் குஞ்சு பெறும். இவையோ இரண்டுக்கும் நடுவே நிறுத்தப்பட்டவை.

கருத்தடை மாத்திரையிலுள்ள ஈஸ்ற்ரஜன் மிகச் சிறிய அளவிலேயே என்ன செய்யும் என்பதை ஒன்ராறியோவின் வடமேற்கில், சோதனைக்கென ஒதுக்கப்பட்ட ஏரி ஒன்றில் கரென் கிட் குழுவினர் காட்டினர். 2001 முதல் மூன்று கோடைகளில் அதனைக் கலந்தார்கள். ஒரு லீற்றர் நீருக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் ஐந்தாறு பங்கு மட்டுமே. அங்கிருந்த ஒரு சிறு மீனினம் ஏறக்குறைய அழிந்தே போயிற்று. கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் அது மீண்டும் பெருகியது. மாத்திரை உண்ணும் பெண்களை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமன்று. மனித உடலின் இயற்கை ஹோர்மோன்களும், சலவைப் பொருட்களின் இரசாயனங்களும் அதே குழாய்வழியேதான் செல்கின்றன.

ஆகவே எமது தீர்ப்பு இவ்வாறு அமைந்தது. மீன் குற்றமற்றது. கடைக்காரரும் குற்றமற்றவர். மீனை ஆற்றில் விடல் ஆகாது. அந்நிய உயிரினங்களை நீர்நிலைகளில் விடுவது இந்நாட்டிற் சட்டப்படி குற்றம். விசாரணைக்குக் காத்திருப்போர் தேடிக்கொள்ள வேண்டிய குற்றமும் அதுவன்று. சமையலறை இழுப்பறையிற் கிடந்த காலாவதியான மாத்திரைகளையும் மலசலகூடத்தில் கொட்டாது, திரும்பப் பெற்றுக்கொள்ளும் மருந்துக்கடையில் ஒப்படைக்கும்படி கேட்டோம்.

அம்மம்மா அரைமனதோடு சம்மதித்தார். விசாரணைத் திகதி இன்னும் வரவில்லை. சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்த பிள்ளைகள், தொட்டியில் இருபதுக்கு மேற்பட்ட குஞ்சுகள் இருப்பதாகவும், அவற்றிற் சிலவற்றை நாமே பொறுப்பேற்க வேண்டுமென்றும் கேட்டனர். எமது வீட்டில் தொட்டி இல்லை என்றோம். போத்தலோடு வருவதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டனர்.