மூன்று மில்லிமீட்டர் எலும்பை ஸ்கேனில் அளப்பது எப்படி?

மனித உடலின் மிகச் சிறிய எலும்பு காதுக்குள் இருக்கிறது. பெயர் அங்கவடி. உயரம் 3 மி.மீ.க்குச் சற்று மேல், எடை ஏறக்குறைய மூன்று மில்லிகிராம். செவிப்பறையில் ஒட்டியிருக்கும் சுத்தி எலும்பு, அதற்கு அடுத்த பட்டடை எலும்பு, கடைசியில் இந்த அங்கவடி என மூன்றும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, மண்டையின் பக்கவாட்டில் உள்ள பொட்டெலும்புக்குள் ஒரு காற்றறையில் நிற்கின்றன. செவிப்பறை அதிர்வதை உள்காதின் திரவத்துக்குக் கடத்துவதுதான் இவற்றின் வேலை. பிறக்கும்போதே இவை கிட்டத்தட்ட பெரியவர்களின் அளவில் இருக்கும். பிறகு வளர்வதில்லை என்றே சொல்லலாம்.

காதில் நாள்பட்ட சீழ், காரணம் தெரியாத கேட்புக் குறைவு என்று போனால் இ.என்.டி. டாக்டர் சீட்டில் "ஹெச்.ஆர்.சி.டி. டெம்போரல் போன்" (பொட்டெலும்பின் நுட்பமான சி.டி. ஸ்கேன்) என்று எழுதித் தருவது இந்த எலும்புகளைப் பார்க்கத்தான். எம்.ஆர்.ஐ. இதற்கு உதவாது. அதில் எலும்பும் கறுப்பு, காற்றும் கறுப்பு. காற்றறைக்குள் நிற்கும் எலும்பைப் பிரித்தறிய வழியில்லை. எக்ஸ் கதிரில் இயங்கும் சி.டி.தான் வேண்டும்.

சி.டி. ஸ்கேன் பிறந்த காலத்தில் அதுவும் உதவியிருக்காது. 1971 அக்டோபர் 1ஆம் தேதி, லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையை சி.டி. எடுத்தார்கள். கருவியை உருவாக்கியவர் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் எஞ்சினியர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். (1979இல் ஆலன் கார்மக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.) அந்தத் தலைமுறைக் கருவியின் படத்தில் ஒரு வரிசைக்கு 80 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் 3 மி.மீ. நீளம், 3 மி.மீ. அகலம், 13 மி.மீ. கனம். அங்கவடி எலும்பு ஏறக்குறைய முழுசாக அப்படி ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். மூளைக் கட்டியைப் பார்க்க அது போதுமானதாக இருந்தது.

இந்தக் கட்டத்துக்கு வாக்ஸல் என்று பெயர். சிறு எலும்பை அளக்கும் கதை முழுக்க இதைச் சுற்றித்தான். கருவி ஒவ்வொரு வாக்ஸலுக்கும் ஒரே ஓர் எண்ணைத்தான் கொடுக்கும். காற்று என்றால் மைனஸ் 1000, தண்ணீர் என்றால் 0, கெட்டி எலும்பு என்றால் 1000க்கும் மேல். ஒரு வாக்ஸலுக்குள் பாதி எலும்பும் பாதி காற்றும் இருந்தால்? இரண்டின் சராசரியைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். உள்ளே எல்லை எங்கே ஓடுகிறது என்பது அதற்குத் தெரியாது.

இன்றைய நல்ல சி.டி. கருவிகளில் காது ஸ்கேனின் வெட்டுக் கனம், அதாவது வாக்ஸலின் கனம், 0.5 முதல் 0.6 மி.மீ. வரை. எட்டு மில்லிமீட்டர் நீளமுள்ள சுத்தி எலும்புக்கு இது தாராளம். அங்கவடியின் அடித்தட்டுக்குப் போதாது. அந்தத் தட்டு சுமார் 3 மி.மீ. நீளம், ஒன்றரை மி.மீ.க்குக் கொஞ்சம் குறைந்த அகலம், கனமோ கால் மில்லிமீட்டர் அளவு. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் திரவம். தன் கனத்தைப்போல இரண்டு மடங்கு பெரிய வாக்ஸலுக்குள் அது விழும்போது பக்கத்துப் பொருளோடு கலந்துவிடுகிறது. விளைவு: உண்மையில் இருப்பதைவிடத் தடிமனாகவும், உண்மையில் இருப்பதைவிட வெளிறியும் படத்தில் தெரியும். அங்கவடியின் இரண்டு கால்களும் இன்னும் மெலிந்தவை. சில ஸ்கேன்களில் அடியோடு காணாமல் போய்விடும். படத்தில் தெரியவில்லை என்பதால் காதில் இல்லை என்று அர்த்தமில்லை. பட்டடை எலும்பின் நீண்ட கால் நுனியிலும் இதே சிக்கல்தான். ரத்த ஓட்டம் குறைவான அந்த நுனிதான் நாள்பட்ட சீழில் பெரும்பாலும் முதலில் அரிக்கப்படுகிறது. அரித்துப்போனதா, மெலிந்திருப்பதால் மறைந்ததா என்று சொல்வது அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட்டுக்கே சில நேரம் சவால்.

ஆனால் ஒரு வேடிக்கை. ஒரு மெல்லிய பொருளின் கனத்தை வாக்ஸலைவிட நுட்பமாக அளக்க முடியாவிட்டாலும், இரண்டு பொருள்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அளக்க முடியும். மங்கல் இரு பக்கமும் சமமாகப் பரவுவதால் பொருளின் மையம் இடம் மாறுவதில்லை. மையத்துக்கு மையம் எடுக்கும் தூரம் மாறாமல் நிற்கிறது. ஆகவே ரிப்போர்ட்டில் ஒரு எண்ணைப் பார்த்தால், அது எதன் எண் என்று முதலில் பார்க்க வேண்டும் என்பேன். இரண்டு இடங்களுக்கு நடுவில் உள்ள தூரமா, நம்பலாம். ஒரு தட்டின் தடிமனா, கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மென்பொருளோ எதைக் கேட்டாலும் தசம இலக்கம் இரண்டு போட்டுத்தான் தரும். படத்தைச் சிறு பரப்புக்குக் குறுக்கி, பிக்ஸலை 0.2 மி.மீ. ஆக்கிவிடலாம், பார்க்க வழுவழுவென்று இருக்கும். கருவியின் மங்கல் மட்டும் அப்படியே இருக்கும்.

அளக்கிற கையும் எண்ணை மாற்றுகிறது. சுத்தி எலும்பு படுக்கை வெட்டுக்கும் நிமிர் வெட்டுக்கும் நடுவில் சாய்ந்து நிற்கிறது. 8 மி.மீ. எலும்பு, நாம் அளக்கும் தளத்துக்கு 30 டிகிரி சாய்ந்திருந்தால் 6.9 மி.மீ. என்றுதான் வரும். அதனால்தான் முப்பரிமாணத் தரவை எலும்பின் சாய்வுக்கு ஏற்பத் திருப்பி, புதிதாக ஒரு தளத்தில் வெட்டிவிட்டு அளக்கிறார்கள். எங்கே திருப்புவது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. படுக்கை வெட்டில் சுத்தியின் தலை உருண்டையாகவும் பட்டடையின் உடல் கூம்பாகவும் சேர்ந்து, கோன் ஐஸ்கிரீம் மாதிரியே தெரியும். உலகம் முழுக்க ரேடியாலஜிஸ்ட்டுகள் அதை அப்படியேதான் அழைக்கிறார்கள். உருண்டை கூம்பை விட்டு விலகியிருந்தால் மூட்டு நழுவியிருக்கிறது. தலையில் அடிபட்டவர்களிடம் தேடுவது இதைத்தான்.

அடுத்தது விளிம்பு. திரையின் வெளிச்ச அளவை மாற்றினால் அதே எலும்பு தடிக்கும், மெலியும். எண்களைத் தொடாமலே! பிரகாசம் உச்சத்திலிருந்து சுற்றுப்புறத்துக்கு இறங்கும் வழியில் சரிபாதிப் புள்ளியை விளிம்பாகக் கொள்வது நேர்மையான வழி. ஓரளவு பெருத்த எலும்புக்கு அது நன்றாக வேலை செய்யும். வாக்ஸலைவிட மெலிந்ததற்கு அதுவும் கைகொடுக்காது.

வாக்ஸலை இன்னும் சிறிதாக்கினால் என்ன என்று கேட்கலாம். ஒவ்வொரு பக்கத்தையும் பாதியாக்கினால் கன அளவு எட்டில் ஒன்றாகிறது. உள்ளே விழும் எக்ஸ் கதிரும் எட்டில் ஒன்று. படத்தின் இரைச்சலைப் பழைய அளவிலேயே வைக்கப் பல மடங்கு கதிர்வீச்சு வேண்டும். நல்லவேளையாகக் காதில் எலும்புக்கும் காற்றுக்கும் நடுவில் உள்ள வேறுபாடு மிகப் பெரியது, கொஞ்சம் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம். பல் மருத்துவத்தில் பழகிய கூம்புக் கற்றை சி.டி. இந்தச் சலுகையைப் பயன்படுத்தி 0.15 மி.மீ. வரை இறங்குகிறது. ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் புதிய வகை சி.டி.க்கு அமெரிக்காவில் 2021 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது; அதன் வெட்டு 0.2 மி.மீ. எக்ஸ் கதிரை முதலில் ஒளியாக்கி, பிறகு மின்னாக்கும் பழைய சுற்றுவழியை விட்டு, காட்மியம் டெல்லுரைடு படிகத்தில் நேரடியாக மின்னாக்குகிறது. எத்தனை நுட்பமான கருவியானாலும், படுத்திருப்பவர் எச்சில் விழுங்கித் தலை அரை மில்லிமீட்டர் அசைந்தால் அத்தனையும் வீண்.

அறுவை அரங்கில் இந்த எல்லை அப்பட்டமாகத் தெரியும். அடித்தட்டு இறுகிப்போகும் நோயில் அங்கவடிக்குப் பதிலாக ஒரு சிறு பிஸ்டனை வைக்கிறார்கள். 1956இல் அமெரிக்காவின் ஜான் ஷே டெஃப்லானில் தொடங்கிவைத்த வழி. பிஸ்டன் பெரும்பாலும் 4 முதல் 5 மி.மீ. நீளத்துக்குள், கால் மில்லிமீட்டர் படிகளில் கிடைக்கும். கொஞ்சம் நீண்டால் உள்காதை அழுத்தித் தலைசுற்றலைக் கொண்டுவரும், குட்டையானால் நழுவும். கையில் ஸ்கேன் இருந்தும், சர்ஜன் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி மெல்லிய அளவுகோல் கம்பியைக் காதுக்குள் விட்டு, பட்டடையிலிருந்து அடித்தட்டு வரை அளந்துதான் நீளத்தை முடிவு செய்வார். ஸ்கேன் வழிகாட்டும், கம்பி முடிவு செய்யும்.

உயிருள்ளவர் காதில் எட்டாத நுட்பம் இறந்த எலும்பில் எட்டும். மைக்ரோ சி.டி.யில் கதிர்வீச்சைப் பற்றிக் கவலையில்லை, மாதிரி அசைவதுமில்லை. சில மைக்ரான் வரை இறங்கலாம். நியாண்டர்தால் மண்டையோடுகளின் காதறைகளில் மண் அடைந்து கிடந்தது. அந்த மண்ணுக்குள் காதெலும்புகள் சில சிக்கியிருந்ததை, மண்ணைக் கிளறாமலே நுண் ஸ்கேனில் கண்டார்கள். ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானுடவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தலைமையில் 2016இல் வந்த ஆய்வு, அவற்றைக் கணினியில் பிரித்தெடுத்து நம்முடையவற்றோடு ஒப்பிட்டது. வடிவம் தெளிவாகவே வேறு. ஆனால் நெம்புகோல் கைகளின் விகிதம், செவிப்பறைக்கும் அடித்தட்டுக்கும் உள்ள பரப்பு விகிதம் போன்றவற்றைக் கணக்கிட்டால் ஒலி கடத்தும் திறன் ஏறக்குறைய ஒன்றே. பெரிதாகி வந்த மூளை இரு இனங்களிலும் மண்டையை வெவ்வேறு விதமாக வளைத்தது. எலும்புகள் அதற்கேற்ப வளைந்து, வேலையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது அவர்கள் விளக்கம். வெறும் நீள அகலத்தை ஒப்பிட்டு நிறுத்தியிருந்தால் இது தெரிந்திருக்காது.

நம் வீட்டு ஸ்கேனுக்கு வருவோம். பெரிய கவரில் தரும் ஃபிலிமில் வெளிச்ச அளவும் வெட்டும் தளமும் அச்சிட்டபோதே உறைந்துவிடுகின்றன. அதை வைத்துத் திருப்பவும் முடியாது, மறுபடி சரியாக அளக்கவும் முடியாது. கூடவே தரும் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோதான் முழுத் தரவு இருக்கும், மெல்லிய வெட்டுகளையும் சேர்த்துப் பதிந்திருந்தால். கேட்டு வாங்கி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து எடுக்கும் ஸ்கேனோடு ஒப்பிடும்போது, பழையதின் வெட்டுக் கனம் என்ன என்பதையும் டாக்டர் பார்ப்பார். 1 மி.மீ. வெட்டில் மறைந்திருந்த அங்கவடியின் கால், 0.5 மி.மீ. வெட்டில் தெரிந்தால், எலும்பு புதிதாக முளைத்துவிடவில்லை.