பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் பெற்றோராகிய நாமும்

விஜயதசமி நாளிலே நமது கோவில்களில் சிறு குழந்தைகளுக்கு ஏடு தொடக்குவதைப் பார்த்திருப்பீர்கள். தட்டிலே பரப்பிய அரிசியில், குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுதுவிக்கிறோம். தாயும் தந்தையும் பக்கத்தில் கண் இமைக்காமல் நிற்பார்கள். அதே குழந்தை வளர்ந்து, ஐந்தாம் வகுப்பில் ஒரு டேனிஷ் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? இக்கட்டுரை அதைப் பற்றியதே.

"எனக்கு டேனிஷ் சரியாகத் தெரியாதே, நான் என்னத்தைச் சொல்லிக் கொடுக்கிறது?" எண்பதுகளில் இங்கு வந்த நாங்கள் கேட்ட கேள்வி இது. இன்று திருமணமாகி ஊரிலிருந்து வந்திருக்கும் தாய்மாரும், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் இதையே கேட்கிறார்கள். உபதேசம் செய்யும் தகுதி எனக்கு இல்லை. ஆகவே, நான் விட்ட பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் போட்ட சிவப்புக் கோடு

என் மகன் நாலாம் வகுப்பில் படித்த காலம். ஒருநாள் வேலை முடிந்து வந்து அவனுடைய கணக்குக் கொப்பியைத் திருத்த உட்கார்ந்தேன். ஊரிலே கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன் நான். மகன் 3,5 என்று எழுதியிருந்தான். புள்ளி அல்லவா வரவேண்டும் என்று வெட்டினேன். 1.500 என்று எழுதியிருந்ததை ஒன்றரை என்று வாசித்து, விடை பிழை என்றேன். பெருக்கலுக்கு ஒரு புள்ளியும், வகுத்தலுக்கு மேலும் கீழுமாக இரண்டு புள்ளியும் போட்டிருந்தான். அதற்கும் சிவப்புக் கோடு போட்டேன்.

அவன் எழுதியது எல்லாம் சரி. டென்மார்க்கிலே தசமத்துக்குக் காற்புள்ளி இடுவார்கள். புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும். ஆகவே 1.500 என்பது ஆயிரத்து ஐந்நூறு. பெருக்கலுக்கு ஒரு புள்ளியும் வகுத்தலுக்கு இரு புள்ளியும் இந்நாட்டு வழக்கம். அவன் என்னிடம் வாதாடவில்லை. அடுத்த நாளிலிருந்து கொப்பியைக் காட்டுவதை நிறுத்திவிட்டான், அவ்வளவுதான். இரண்டு வருடம் அவனுடைய பாடம் என்னவென்றே எனக்குத் தெரியாமல் போயிற்று.

அன்று நான் கேட்டிருக்க வேண்டியது ஒரேயொரு கேள்வி: "இதை எப்படிச் செய்தாய், தம்பி? எனக்கும் ஒருக்கால் சொல்லித் தா." பிள்ளை விளக்கும்போது அவனுக்கே பாடம் தெளியும். எங்கே தடுமாறுகிறானோ அங்கே அவனுக்கு விளங்கவில்லை என்பதை நாமும் அறிந்துகொள்வோம். இதற்கு டேனிஷ் தேவையில்லை.

தமிழால் விளங்கும் டேனிஷ்

சில இடங்களில் நமது தமிழே கைகொடுக்கும். டேனிஷ் எண்களைப் பாருங்கள். ஐம்பதை 'ஹல்திரெஸ்' என்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் இதிலே மிகவும் குழம்புவார்கள். பழைய டேனிஷ் கணக்கு இருபது இருபதாக எண்ணிய கணக்கு. அறுபது என்றால் மூன்று இருபது, எண்பது என்றால் நாலு இருபது. ஐம்பது இரண்டரை இருபது, எழுபது மூன்றரை இருபது, தொண்ணூறு நாலரை இருபது. அரைக் கணக்கும் முக்கால் கணக்கும் பழகிய நமக்கு இது புதிதா? இன்னொன்று, அவர்கள் ஒன்றாம் தானத்தை முதலில் சொல்வார்கள். தொண்ணூற்றிரண்டை 'இரண்டும் தொண்ணூறும்' என்பார்கள். காதால் கேட்டு எழுதும் பிள்ளை 92ஐ 29 என்று எழுதினால் அது கவனக் குறைவு என்று ஏசாதீர்கள். தமிழில் ஒருமுறை, டேனிஷில் ஒருமுறை சொல்லவைத்து எழுதப் பழக்குங்கள்.

'வீட்டில் தமிழ் பேசினால் டேனிஷ் பின்தங்கும்' என்று அஞ்சுவோரும் உளர். கனடாவைச் சேர்ந்த கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979 முதல் எழுதிவந்தது இதற்கு நேர்மாறானது. ஒரு மொழியில் வளரும் விளக்கமும் சிந்தனையும் மற்ற மொழிக்கும் உதவும் என்பது அவர் கருத்து. விளையாட்டு மைதானத்துப் பேச்சு ஏறக்குறைய இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடப்புத்தக மொழிக்கு ஐந்து முதல் ஏழு வருடம் செல்லும் என்றும் அவர் காட்டினார். ஆகவே, பிள்ளை நண்பர்களோடு சரளமாகப் பேசுகிறது என்பதை வைத்து, புத்தகமும் விளங்குகிறது என்று எண்ணிவிடக் கூடாது. 2002இல், நம்மைப் போன்ற ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தோரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்கும் கடமையிலிருந்து நகரசபைகள் விடுவிக்கப்பட்டன. அன்றுமுதல் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் நம் வீட்டின் மேலும், வாரவிடுமுறைத் தமிழ்ப் பாடசாலைகளின் மேலுமே இருக்கிறது.

புள்ளி இல்லாத பாடசாலை

ஊரிலே ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சை. தவணைதோறும் புள்ளி, நிலை. இங்கே எட்டாம் வகுப்பு வரை புள்ளியே கிடையாது. அதன் பின்பே -3 முதல் 12 வரையான ஏழு படிப் புள்ளிகள் வரும். 'முறைப்பாடு ஒன்றும் இல்லை, ஆகவே எல்லாம் சரி' என்று நாம் இருந்துவிட்டால், எட்டாம் வகுப்பில் திடுக்கிட நேரும்.

எனக்கு அது ஆறாம் வகுப்பிலேயே நேர்ந்தது. பெற்றோர் சந்திப்பில் ஆசிரியை நெடுநேரம் பேசினார். மகன், "எல்லாம் நல்லம் எண்டு சொல்லுறா அப்பா" என்று முடித்துவிட்டான். பின்னர் வந்த கடிதத்தை ஒரு நண்பர் வாசித்துச் சொன்னபோதுதான் தெரிந்தது: அவன் வகுப்பிலே வாயே திறப்பதில்லை, வீட்டில் வாசிப்பதும் இல்லை. அவனைக் குறை சொல்லி என்ன பயன்? தன்மேல் உள்ள முறைப்பாட்டைத் தானே மொழிபெயர்க்கும் இடத்தில் அவனை இருத்தியவன் நான். பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். வேறொருவரை ஒழுங்கு செய்யமுடியுமா என்று பாடசாலையிடம் முன்கூட்டியே கேளுங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

வாய் திறப்பது இங்கே சிறிய காரியமல்ல. ஒன்பதாம் வகுப்பின் இறுதித் தேர்வில் டேனிஷிலும் ஆங்கிலத்திலும் வாய்மொழித் தேர்வு உண்டு. பிள்ளை ஆசிரியர் முன்னும் இன்னொரு தேர்வாளர் முன்னும் இருந்து, தன் கருத்தைச் சொல்லிக் காரணமும் காட்டவேண்டும். 'பெரியவர்கள் பேசும்போது வாய் காட்டாதே' என்று மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை அங்கே என்ன செய்யும்? சாப்பாட்டு வேளையில், "இன்றைய செய்தியைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்? ஏன்?" என்று கேளுங்கள். மரியாதையோடு மறுத்துப் பேசவும் இடம் கொடுங்கள். இதுவும் வீட்டுப்பாடமே.

செய்யக்கூடியவை சில

1. தினமும் இருபது நிமிட வாசிப்பு. தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் அந்நேரம் ஓய்ந்திருக்கட்டும். நீங்களும் பக்கத்தில் இருந்து எதையாவது வாசியுங்கள். வாசித்த கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.

2. நூலகம் இந்நாட்டில் இலவசம். சிறு வயதிலேயே கூட்டிச் செல்லுங்கள்.

3. பாடசாலைச் செய்திகள் 2019 முதல் 'அவுலா' என்னும் இணையத்தளத்தில் வருகின்றன. வாரத்தில் ஒருநாளாவது திறந்து பாருங்கள். விளங்காத செய்தியைக் கைத்தொலைபேசியிலேயே மொழிபெயர்த்துக்கொள்ளலாம்.

4. 2014ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் பாடசாலை நேரத்தை நீட்டி, வீட்டுப்பாட உதவிக்கும் அதற்குள்ளே இடம் வைத்தது. அதன்பின் எழுத்து வேலை வீட்டுக்கு அதிகம் வராத பாடசாலைகளும் உண்டு. கொப்பி வரவில்லை என்பதற்காகக் கேட்காமல் இருக்காதீர்கள்.

5. டேனிஷ் அகதிகள் சபையின் தொண்டர்களும் இளைஞர் செஞ்சிலுவைச் சங்கமும் 'லெக்சி கஃபே' எனப்படும் வீட்டுப்பாட உதவி நிலையங்களை நடத்திவருகிறார்கள். பணம் கொடுக்க வேண்டியதில்லை. அங்கே அனுப்புவது நமக்குக் குறைவும் அல்ல.

6. அடித்துப் படிப்பிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 1997 முதல் பெற்றோர் அடிப்பதும் இந்நாட்டில் சட்டவிரோதம். அடிக்குப் பயந்த பிள்ளை கொப்பியை ஒளிக்கும். ஒளித்த கொப்பியை யாரால் திருத்தமுடியும்?

என் மகன் இன்று இரண்டு பிள்ளைகளின் தந்தை. மாலையில் பேத்தி கணக்குக் கொப்பியோடு என்னிடம் வருகிறாள். சிவப்புப் பேனை இப்போது என்னிடம் இல்லை. "அப்பப்பா, இது உங்களுக்கு விளங்குதா?" என்று கேட்பாள். "இல்லையம்மா, சொல்லித் தாங்கோ" என்பேன். அவள் சொல்லி முடிக்கும்போது கணக்கும் முடிந்திருக்கும்.

பெற்றோரே, இன்று மாலை ஒரு கால்மணி நேரம் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். ஏடு தொடக்கிய அன்று நின்றது போலவே.